சரிகமவுக்குப் பதினாறு வரி எழுத ஆளில்லையா?

மக்கா, ரொம்ப நாள் கழிச்சு ஒரு காட்டமான பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனா போன ஞாயிறு நடந்ததை எழுதலேன்னா எனக்குத் தூக்கம் வராது.

இங்கே ஐந்தோவன்ல நாலைஞ்சு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்துறோம். ஒருத்தர் வீட்டு ஹால்தான் வகுப்பறை. டீச்சரம்மா கையால ஸ்வரம் எழுதுவாங்க, போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடுவாங்க, நாங்க எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். அத்தோட சரி. மூணு வருஷத்துல குரூப் ரெண்டு தடவை மாறிடுச்சு. டீச்சரோட போன் ஒரு தடவை வாஷிங் மெஷினுக்குள்ள போய் வந்துச்சு. முதல் வருஷம் சொல்லிக் குடுத்த கீதங்கள் எந்தத் தாள்ல இருந்துச்சுன்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது.

"இதையெல்லாம் எழுத்தா டைப் பண்ணி வைப்போம். லில்லிபாண்ட்னு ஒண்ணு இருக்கு, இலவசம், நானே செஞ்சு தர்றேன்"னு சொன்னேன். உடனே மூணு பதில் வந்துச்சு.

ஒருத்தர்: "எதுக்குங்க? எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே."

இன்னொருத்தர்: "மவுஸால இழுத்துப் போடற சாஃப்ட்வேர் இருக்கு, மாசச் சந்தா கட்டினா போதும். இந்தக் காலத்துல பாட்டுக்கு எவன் கோட் அடிப்பான்?" இவர் திங்கள் முதல் வெள்ளி வரை கோட் அடிச்சுத்தான் சோறு தின்கிறவர் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

மூணாவது ஆள் வயசானவர், மகன் வீட்டுக்கு வந்திருக்கார். "தம்பி, கர்நாடக சங்கீதத்தை எழுதவே முடியாது. கமகம்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

பெரியவர் முன்னாடி வாயாட வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல தங்கமணி, "அங்க பேசாம வந்துட்டு இங்க வந்து குதிச்சா எப்படி?"ன்னு கேட்டாங்க. நியாயம்தான். அதான் இங்கே குதிக்கிறேன்.

தெரியாதவங்களுக்கு: லில்லிபாண்ட்னா சென்னை சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ் இல்லை. இசைக்கு அச்சுக் கோர்க்கிற மென்பொருள். ஹான்-வென் நீன்ஹாயிஸ், யான் நியூவன்ஹாய்சன்னு ரெண்டு நெதர்லாந்துக்காரங்க 1996-ல ஆரம்பிச்சது. நீங்க ஸ்வரங்களைச் சாதா எழுத்தா ஒரு கோப்புல எழுதுவீங்க. அது படிச்சுப் பார்த்து, ஐஞ்சு கோட்டு நொட்டேஷனா அழகா பிடிஎஃப் போட்டுக் குடுக்கும். கேட்டா மிடி ஒலியாவும் குடுக்கும். ஒரு பாட்டோட கோப்பு ரெண்டு மூணு கிலோபைட்தான் வரும்.

சரி, எனக்கு ஏன் இதுல இவ்வளவு கோபம்? கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

நான் பிறந்து வளர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரியில கொச்சங்காடி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து போய் பஜார் ரோட்டுல மிளகு, சுக்கு கிடங்கில கணக்கு எழுதினவர். வீட்டுல தமிழ், தெருவுல மலையாளம், அடுத்த தெருவுல கொங்கணியும் குஜராத்தியும். அந்தக் கொச்சங்காடியில ஒரு காலத்துல யூதர்களோட தொழுகைப் பள்ளி இருந்துச்சு. 1344-ஆம் வருஷத்து ஹீப்ரு கல்வெட்டு ஒண்ணு அதைச் சொல்லுது. பள்ளி இப்போ இல்லை. கல் மட்டும் இருக்கு, அதுவும் கொச்சங்காடியில இல்லை. 1568-ல கட்டின பரதேசி சினகாக், ஜூ டவுன்ல இருக்கே, அங்கே கொண்டுபோய் வெச்சிருக்காங்க. சுற்றுலா போனவங்க பார்த்திருப்பீங்க.

கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்துல பாடுவாங்க. பாட்டுகளை நோட்டுப் புத்தகத்துல எழுதி வெச்சு, அம்மாகிட்ட இருந்து மகளுக்குப் போகும். 1950-கள்ல பெரும்பாலானவங்க இஸ்ரேலுக்குப் போனப்போ நோட்டும் கூடவே போச்சு. ஆனா நோட்டுல இருந்தது சொல் மட்டும்தான். மெட்டு தொண்டையில. அறுபது எழுபது வயசான அந்தத் தொண்டைகளைத் தேடிப் போய் ஒலிப்பதிவு பண்ணினவங்க இருந்ததால, 2004-ல ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்து யூத இசை ஆய்வு மையம் ஒரு குறுந்தகடு கொண்டு வந்துச்சு. தப்பிச்ச மெட்டு தப்பிச்சது. சொல் இருந்தும் மெட்டு மறந்துபோன பாட்டுகளும் உண்டு.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க அம்மாகிட்டயும் அப்படி ஒரு நோட்டு இருக்கு.

நாற்பது பக்க நோட்டு, அட்டை போயிடுச்சு. அத்தைகிட்ட கத்துக்கிட்ட கீர்த்தனைகளுக்கு ஸ்வரம் எழுதியிருக்காங்க. கோலாட்டப் பாட்டு, பாதித் தமிழும் பாதி மலையாளமுமா எங்க ஆச்சி பாடின தாலாட்டு, இதுக்கெல்லாம் சொல் மட்டும். அம்மாவுக்கு 79 ஆச்சு, அண்ணன் வீட்டோட இன்னும் கொச்சங்காடியிலதான். அஞ்சு கட்டையில பாடினவங்க இப்போ மூணு கட்டைக்கு இறங்கிட்டாங்க. என் பொண்ணு இங்கே பள்ளிக்கூடத்துல வயலின் படிக்கிறா. அவளுக்கு ஐஞ்சு கோடு தெரியும், ஸ்வரம் தெரியாது. ஆச்சிக்கும் பேத்திக்கும் நடுவுல நான், ஒரு எழவும் ஒழுங்கா தெரியாத பொட்டி தட்டுற ஆள். லில்லிபாண்ட்ல மேலே ஐஞ்சு கோடு, கீழே சரிகம, அதுக்குக் கீழே தமிழ்ச் சொல்லுன்னு மூணையும் ஒரே தாள்ல போடலாம். கோப்புல ஒரு வரியை மாத்தினா மூணு கட்டைப் பாட்டு வயலினுக்குத் தோதான சுருதிக்குப் போயிடும். இதை எந்த யூடியூப் செய்யும்?

ஒலிப்பதிவு வேண்டாம்னு சொல்லலை, தயவு பண்ணி எல்லாரும் பண்ணுங்க. ஆனா பத்துப் பிள்ளைங்க முன்னாடி, ஆளுக்கொரு வாத்தியத்தோட உட்காரும்போது, பதிவை வெச்சு என்ன செய்வீங்க? எங்க ஆச்சி தாலாட்டு யூடியூப்ல இல்லைங்கறது வேற விஷயம்.

பெரியவருக்கு வர்றேன். கமகத்தை எழுத முடியாதாம். 1890-கள்ல சென்னையில சின்னசாமி முதலியார்னு ஒருத்தர் நம்ம கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டுல எழுதி அச்சுப் போட ஆரம்பிச்சார். அதுக்கு எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரோட உதவியைத் தேடிப் போனார். அந்தத் தொடர்புல பிறந்ததுதான் 1904-ல எட்டயபுரத்துல தெலுங்குல அச்சான 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி'. அதுல ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி போட்டு, ஸ்வரத்து மேலே வெச்சு அச்சடிச்சிருக்கார் தீட்சிதர். கம்ப்யூட்டர் இல்லை, கரண்ட் இல்லை, ஈயத்துல எழுத்துக் கோர்த்து. பின்னாடி மெட்ராஸ் மியூசிக் அகாடமி அதைத் தமிழ்லயும் கொண்டு வந்துச்சு. முத்துசாமி தீட்சிதர் குடும்பத்துலயே வந்த ஒருத்தர், எழுத முடியும்னு நம்பித்தான் அவ்வளவு பக்கம் எழுதியிருக்கார். முழுசா எழுதிட முடியும்னு நானும் சொல்லலை. மாவடு ஊறுகாய்க்கு அம்மா எழுதிக் குடுத்த கைக்குறிப்பைப் பார்த்துச் செஞ்சா அம்மா கைப்பக்குவம் வராதுதான். அதுக்காகக் குறிப்பைக் கிழிச்சா போடுவீங்க?

அடுத்து நம்ம மாசச் சந்தா நண்பர். ஃபினாலேன்னு ஒரு மென்பொருள் 1988-ல வந்து, உலகம் பூரா இசைக்காரங்க பயன்படுத்தினது. 2024 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, இனி இதை வளர்க்கப் போறதில்லைன்னு அந்த நிறுவனம் அறிவிச்சுடுச்சு. முப்பத்தஞ்சு வருஷம் அதுல எழுதினவங்க எல்லாம் கோப்புகளை வேற வடிவத்துக்கு ஏற்றுமதி பண்ண ஓடினாங்க. ஏற்றுமதி பண்ண முடியும், அதையும் சொல்லிடணும். ஆனா செத்துப்போன தாத்தாவோட கம்ப்யூட்டர்ல கிடக்கிற கோப்பை யார் ஏற்றுமதி பண்ணுவா?

நமக்கு இது தெரியாததா! டிஸ்கி ஞாபகம் இருக்கா? (டிஸ்க்ளைமர் இல்லைங்க, எழுத்துரு டிஸ்கி.) டாப், டாம், பாமினி, பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, சைட்டுக்கு ஒரு டவுன்லோடுன்னு நாம பட்ட பாடு. 1990-கள்ல நான் அப்பாவுக்குத் தமிழ்ல அடிச்ச கடிதங்களைத் திறந்தா இன்னைக்கு வௌவால் வாந்தி எடுத்த மாதிரி இருக்கு. அதுவும் எழுத்துக் கோப்புதானேன்னு கேட்பீங்க. ஆமா. ஆனா எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு அட்டவணை வெளியில இருந்த எழுத்துருக்களுக்கு மாற்றிக் கருவி எழுத முடிஞ்சது. அட்டவணை கிடைக்காததை இன்னைக்கும் படிக்க வழியில்லை. ஒரு தடவை சுட்டும் புத்தி வரலைன்னா எப்படிங்க?

"கஷ்டமா இருக்கும்"னு பயப்படறவங்களுக்கு, நான் முட்டின இடங்களைச் சொல்லிடறேன். பாதி தலைவலி மிச்சம்.

கோப்போட முதல் வரியில எந்த வெர்ஷன்னு எழுதிடுங்க. மறக்காதீங்க. லில்லிபாண்ட் ஒண்ணும் தேவலோகத்துல இருந்து வந்ததில்லை, அதோட இலக்கணமும் அப்பப்போ மாறும். பழைய கோப்பைப் புதுசுக்கு மாத்துற கருவி கூடவே வருது, ஆனா அந்த முதல் வரியைப் பார்த்துத்தான் எதை மாத்தணும்னு அதுக்குத் தெரியும்.

தமிழ் கட்டம் கட்டமா வந்தா மென்பொருளைத் திட்டாதீங்க. கோப்பை யூடிஎஃப்-8 ஆ சேமிச்சீங்களா, கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்துரு இருக்கா, இந்த ரெண்டையும் பாருங்க. அடைப்புக்குறி ஒண்ணை மூட மறந்தா, தப்பு கடைசி வரியில இருக்கிற மாதிரி சொல்லும், உண்மையில நாற்பது வரி மேலே இருக்கும். திறக்கும்போதே மூடிட்டு, அப்புறம் உள்ளே எழுதப் பழகிக்கோங்க.

பாட்டுச் சொல் ஸ்வரத்தை முந்திக்கிட்டு ஓடும். ஏன்னா அது ஸ்வரத்துக்கு ஒரு அசைன்னு கணக்குப் போடும். நம்ம பாட்டுலயோ ஒரு 'ஆ'வுக்கு எட்டு ஸ்வரம். அந்த எட்டையும் ஒரு வளைகோட்டால கட்டிட்டா, அசை காத்திருக்கும்.

இனி பெரிய கூத்து. 'ரிலேட்டிவ்'னு ஒரு முறை இருக்கு. முந்தின ஸ்வரத்துக்கு எந்த ஸ்தாயி கிட்டவோ அதை அதுவே எடுத்துக்கும். சரளி வரிசைக்கு அமிர்தம். ஆனா ச-வுக்கு அடுத்து ப எழுதினா? மேலே போற ப ஐஞ்சாவது படி, கீழே இருக்கிற ப நாலாவது படி. கிட்ட இருக்கிறது கீழதான்! மந்திர ஸ்தாயிக்கு விழுந்துடும். அதுக்கப்புறம் வர்ற ஸ்வரம் எல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டுக் கீழேயே போகும். என் முதல் கீதம் கடைசி வரியில வயலின்ல வாசிக்கவே முடியாத பாதாளத்துல முடிஞ்சுது. ப-வுக்குப் பக்கத்துல ஒரு ஒற்றை மேற்கோள் போட்டா மேலே ஏறிடும். பாட்டுக்கு வரிவரியா தனித்தனி ரிலேட்டிவ் போட்டா, ஒரு வரித் தப்பு அடுத்த வரிக்குத் தொத்தாது.

ஆவர்த்தனம் முடியற இடத்துல எல்லாம் ஒரு செங்குத்துக் கோடு போடுங்க. அட்சரம் கூடினாலோ குறைஞ்சாலோ எந்த வரின்னு சொல்லிடும். தொடையில தாளம் போடற டீச்சர் கை மாதிரி. அதீத எடுப்புன்னா தொடக்கத்துல பாதி ஆவர்த்தனம்னு சொல்ற கட்டளை இருக்கு. அனாகதம்னா பேசாம மௌன அட்சரம் போட்டுட்டு ஆரம்பிங்க.

இப்போ என் உண்மையான கோபத்துக்கு வர்றேன். லில்லிபாண்ட்ல ஸ்வரப் பெயர்களைப் பல மொழியில எழுதலாம். டச்சு, ஜெர்மன், இத்தாலியன், கட்டலான், நார்வே மொழி, ஃபின்னிஷ் எல்லாம் இருக்கு. ஃபின்லாந்து ஜனத்தொகை அரைக்கோடி சொச்சம். கையேட்டுல அரபு இசைக்கு ஒரு பகுதி, துருக்கி மக்காமுக்கு ஒரு பகுதி. 2022 டிசம்பர்ல வந்த 2.24-ஓட கையேட்டைத் தலைகீழா புரட்டியும் கர்நாடக சங்கீதம்னு ஒரு தலைப்பு கிடையாது. உலகத்துல எந்தக் கம்பெனிக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு தமிழ் இன்ஜினியர் இருப்பார்னு மார் தட்டுறோமே, மார்கழி ஆச்சுன்னா லீவு போட்டு மெட்ராஸ் கச்சேரிக்கு ஓடுறோமே, ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?

வேலையும் மலையைப் புரட்டுறது இல்லை. பதினாறு வரி. நான் முதல்ல ரி1, ரி2, ரி3னு பெயர் வைக்கப் பார்த்தேன், உதைச்சுது. லில்லிபாண்ட்ல எண் போட்டா அது கால அளவு. 'ரி2'ன்னா அரை நோட்டு ரி! ரெண்டு ராத்திரி மண்டையைப் பிச்சுக்கிட்டேன். அப்புறம் அம்மாகிட்ட போன்ல புலம்பினப்போ சாதாரணமா சொன்னாங்க, "ஏல, மேளகர்த்தா பாட்டுல ர ரி ருன்னு வருமே, அதைப் போடுல."

அட! வேங்கடமகி பரம்பரையில வந்த பெயர்கள். ர ரி ரு, க கி கு, ம மி, த தி து, ந நி நு, கூட ச-வும் ப-வும். மொத்தம் பதினாறு. எண்ணே வேண்டாம். இன்னொரு அழகு பாருங்க: ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் கீபோர்டுல ஒரே கட்டை, ஆனா நமக்குப் பெயர் வேற. லில்லிபாண்டும் டி ஷார்ப்பையும் இ ஃப்ளாட்டையும் வேற வேறயாத்தான் வெச்சுக்கும். பதினாறுக்குப் பதினாறு அப்படியே உட்கார்ந்துடுச்சு.

அந்த அட்டவணையை எழுதி நாலு வருஷமாச்சு. எங்கே இருக்கு? என் லேப்டாப்ல. யாருக்குக் குடுத்தேன்? யாருக்கும் இல்லை. ஆக, மேலே திட்டினது எல்லாம் எனக்கும் சேர்த்துத்தான் :-)

பெரியவர்கிட்ட அன்னைக்குச் சொல்லாம விட்ட ஒண்ணை மட்டும் இங்கே சொல்றேன். ஆச்சி தாலாட்டை முதல் தடவை டைப் பண்ணி மிடி ஒலியை அம்மாவுக்குப் போன்ல போட்டுக் காட்டினேன். ஆனந்தபைரவிச் சாயல்ல வர்ற பாட்டு. மிடி அதை டெலிபோன் மணி மாதிரி வாசிச்சுது. அம்மா கத்தினாங்க, "என்னல இது, கரண்டுக் கம்பி கணக்கா நேரா போவுது? காந்தாரத்தை இப்படியா நட்டு வைப்பாங்க? கேளு." பாடினாங்க. பாடிக்கிட்டே போய், நோட்டுலயே இல்லாத ரெண்டு வரி வந்துச்சு. முப்பது வருஷமா அதைப் பாடினதே இல்லையாம். தப்பா எழுதினதைத் திருத்தணும்னுதான் அது வந்துச்சு. "பாடுங்கம்மா"ன்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன், வரலை.

மூணாவது வரியில மட்டும் எச்சரிக்கை வந்துக்கிட்டே இருந்துச்சு, அரை அட்சரம் அதிகம்னு. அம்மாகிட்ட கேட்டேன். "அது அப்படித்தான்ல இருக்கும். அந்த எடத்துல பிள்ளை கண்ணு சொருகும், அதுக்காவ நிறுத்துறது." அந்த ஒரு ஆவர்த்தனத்துக்கு மட்டும் தாளக் கணக்கை மாத்தி எழுதினேன். எச்சரிக்கை போயிடுச்சு.

அட்டவணையை இந்த வாரம் லில்லிபாண்ட் ஆட்களுக்கு அனுப்பறேன். டீச்சரம்மாகிட்ட முதல் வருஷத்து கீதங்களைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கேன், வர்ற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அம்மா நோட்டுல இன்னும் பத்தொன்பது பாட்டு பாக்கி. ஞாயித்துக்கிழமை இந்திய நேரம் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடணும், அஞ்சு மணிக்கு மேல அம்மாவுக்குக் குரல் கம்மிடும்.